இளங்கலை ஆய்வு முன்மொழிவு: புதிதாகத் திரட்டுவதா, இருப்பதை எடுப்பதா, செய்ததைத் திரும்பச் செய்வதா?

தலைப்பு எதுவாக இருந்தாலும் சரி, இளங்கலை மாணவர்களின் ஆய்வு முன்மொழிவில் செயல்முறைப் பகுதி வந்ததும் கை தானாக கூகுள் ஃபார்முக்குப் போய்விடுகிறது. 'கேள்வித்தாள் வழியாகத் தகவல் திரட்டப்படும்' என்று ஒரு வரி. அதோடு அந்தப் பகுதி முடிந்துவிடும். ஆனால் முன்மொழிவைப் படிப்பவர் அந்த இடத்தில்தான் நின்று பார்ப்பார். இந்த மாணவர், கையில் இருக்கும் நேரத்துக்குள், இதை முடித்துவிடுவாரா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

எந்த வழி அதற்கு நல்ல பதில் தருகிறது? ஒரே தலைப்பை எல்லா வழிகளிலும் ஓட்டிப் பார்க்கலாம்: மாணவர்களின் தூக்கமும் படிப்பும்.

முதலில், தகவலை நாமே புதிதாகத் திரட்டுவது. இதில் பெரிய ஆதாயம், நமக்கு வேண்டிய கேள்வியை வேண்டியபடி கேட்கலாம். தூக்க நேரம், மதிப்பெண், கைபேசி, விடுதியா வீடா என்று எல்லாம் ஒரே படிவத்தில் வந்துவிடும். சிக்கல் எண்ணிக்கையில் தொடங்குகிறது. தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் இடையே 0.2 அளவில் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) ஒரு லேசான தொடர்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இல்லாத தொடர்பை இருப்பதாக எண்ணிவிடும் வாய்ப்பை வழக்கம்போல் 5 சதவீதத்துக்குள் வைத்து, 80 சதவீத வாய்ப்போடு அதைக் கண்டுபிடிக்கச் சுமார் 194 பேரின் முழுமையான பதில் வேண்டும். கேட்டவர்களில் கால்வாசிப் பேர் பதில் தந்தால், 776 பேரை அணுக வேண்டியிருக்கும். இந்தக் கணக்கை 'ஜி பவர்' என்ற இலவச மென்பொருளில் சில நிமிடங்களில் போட்டுவிடலாம். போடாமல் '100 பேரிடம் ஆய்வு செய்யப்படும்' என்று எழுதினால், 'ஏன் 100?' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

அடுத்தது அறநெறிக் குழு. மனிதர்களிடம் தகவல் திரட்டும் ஆய்வுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்குவது பொதுவான நடைமுறை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அறநெறி வகுத்த 1964இன் ஹெல்சிங்கி பிரகடனம், 1979இன் பெல்மாண்ட் அறிக்கை ஆகியவற்றின் வழியில் வந்த ஏற்பாடு இது; வெறும் சடங்காக எண்ண வேண்டாம். நம் உதாரணத்திலேயே பாருங்கள். மதிப்பெண்ணை மாணவரே எழுதட்டும் என்று விட்டால், சிலர் கூட்டிச் சொல்வார்கள். பதிவெண் வாங்கிக் கல்லூரிப் பதிவேட்டோடு சரிபார்த்தால், பெயர் தெரியாது என்று கொடுத்த வாக்குறுதி போய்விடும். இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கிறோம், ஏன் என்று முன்மொழிவில் இரண்டு வரி இருந்தால், குழுவுக்கு நம் மேல் நம்பிக்கை வரும். குழு எப்போது கூடும், திருத்தம் கேட்டால் எவ்வளவு நாள் போகும் என்பதெல்லாம் நம் கையில் இல்லை என்பதையும் கால அட்டவணையில் காட்ட வேண்டும்.

சொந்தமாகத் தகவல் திரட்டியே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால், சர்வேயை விட ஆழமான நேர்காணல் நல்ல வழி. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் ஆகிய மூவர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், தாங்கள் எடுத்த 60 நேர்காணல்களில் முதல் 12இலேயே பெரும்பாலான கருத்துகள் வந்துவிட்டதாகக் காட்டினார்கள். ஒத்த பின்னணி உள்ளவர்களிடம், குறுகிய தலைப்பில் பேசும்போதுதான் இது பொருந்தும். அப்படியானால் கேள்வியையும் மாற்ற வேண்டும். தூக்கம் குறைந்தால் மதிப்பெண் குறையுமா என்று 12 பேரை வைத்துச் சொல்ல முடியாது. தேர்வு வாரத்தில் தூக்கத்தை விட்டுக்கொடுக்க ஒரு மாணவர் எப்படி முடிவெடுக்கிறார் என்று கேட்கலாம். எனக்கு இந்தக் கேள்விதான் இன்னும் சுவையாகப் படுகிறது.

இரண்டாவது வழி, யாரோ ஏற்கெனவே திரட்டிப் பொதுவில் வைத்திருக்கும் தகவலை எடுத்துக்கொள்வது. 2003 முதல் நடக்கும் அமெரிக்க நேரப் பயன்பாட்டு ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைத் தொலைபேசியில் அழைத்து, முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து 24 மணி நேரத்தில் என்னென்ன செய்தார்கள் என்று வரிசையாகக் கேட்பார்கள். தூக்கத்துக்கு 010101 என்று ஒரு குறியீடு. தூக்கம் வராமல் கிடந்ததற்கு 010102. கல்லூரியில் படிக்கிறார்களா, வேலைக்குப் போகிறார்களா என்பதும் பதிவாகியிருக்கும். இத்தனையும் இலவசமாகத் தரவிறக்கலாம்.

மதிப்பெண் மட்டும் அதில் இல்லை. இந்த வழியின் நிபந்தனையே இதுதான்: தகவலுக்கு ஏற்றபடி கேள்வி வளைய வேண்டும். 'தூக்கமும் மதிப்பெண்ணும்' என்பது 'படித்துக்கொண்டே வேலைக்குப் போகும் மாணவர்கள் எவ்வளவு குறைவாகத் தூங்குகிறார்கள்' என்று மாறும். என் பார்வையில் இது இழப்பே இல்லை, கேள்வி இன்னும் கூர்மையாகிவிட்டது. கூடவே குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டும். ஒருவரிடம் ஒரே ஒரு நாளைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். குட்டித் தூக்கமும் அதே 010101இல்தான் சேர்கிறது. அடையாளம் நீக்கிய பொதுத் தகவல் என்பதால் அறநெறி அனுமதி பெரும்பாலும் எளிதாக முடியும். இருந்தாலும் தேவையா இல்லையா என்று குழுவிடம் கேட்டுவிடுவது நல்லது. ஒரே பருவத்தில் முடிக்க வேண்டியவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இந்த வழியைத்தான்.

மூன்றாவது, வெளிவந்த ஓர் ஆய்வைத் திரும்பச் செய்து பார்ப்பது. 'புதிதாக எதுவும் இல்லையே' என்று மாணவர்கள் இதை ஒதுக்கிவிடுகிறார்கள், அது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. 2015இல் ஒரு பெரிய ஆய்வுக் கூட்டமைப்பு உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல் ரீதியாகக் குறிப்பிடத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் தள்ள முடியாத, முடிவைச் சொல்லியிருந்தன. திரும்பச் செய்தபோது 36 சதவீதத்தில்தான் அப்படி வந்தது. ஆகவே திரும்பச் செய்வதில் வரும் எந்த முடிவும் புதுச் செய்திதான்.

எழுதுவதும் இதில் சுலபம். கருதுகோள், கருவி, பகுப்பாய்வு எல்லாம் மூலக் கட்டுரையிலேயே இருக்கும். தூக்கத் தரத்தை அளக்க 1989இல் வந்த பிட்ஸ்பர்க் அளவுகோலை மூல ஆய்வு பயன்படுத்தியிருந்தால், நாமும் அதையே எடுக்க வேண்டியதுதான்: 19 கேள்விகள், 0 முதல் 21 வரை மதிப்பு, 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். கேள்விகளை நம் விருப்பப்படி மாற்றக் கூடாது, உரிமையாளரிடம் அனுமதியும் கேட்க வேண்டும். ஆள் எண்ணிக்கைதான் இங்கே கழுத்தைப் பிடிக்கும். மூல ஆய்வைப் போல் இரண்டரை மடங்கு வேண்டும் என்று 2015இல் சைமன்ஸன் என்ற ஆய்வாளர் ஒரு வழிகாட்டல் தந்தார். மூல ஆய்வில் 80 பேர் என்றால் நமக்கு 200 பேர். இரண்டு பருவ அவகாசமும் பொறுமையான வழிகாட்டியும் அமைந்தால் இதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு பருவம்தான் என்றால், ஆட்கள் குறைவாக இருக்கும் ஆய்வாகப் பார்த்து எடுங்கள்.

முறையான இலக்கிய மீளாய்வு என்று நான்காவது ஒன்றும் உண்டு: ஒரு கேள்வியைப் பற்றி வெளிவந்த கட்டுரைகளை வரையறுத்த முறையில் தேடித் தொகுப்பது. யாரிடமும் கேள்வித்தாள் நீட்ட வேண்டாம் என்பதால் எளிது என்று நினைக்கிறார்கள். ஆனால் இத்தகைய மீளாய்வை எழுதும்போது எதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று காட்டும் பிரிஸ்மா 2020 பட்டியலில் மட்டும் 27 அம்சங்கள் இருக்கின்றன. கட்டுரைகளை இருவர் தனித்தனியாகச் சலித்தெடுப்பது அங்கே நல்ல வழக்கம். துணைக்கு ஆள் இல்லாவிட்டால் வேண்டாம்.

பொதுத் தகவலை எடுப்பதாக முடிவு செய்தால் ஒரே ஒரு வேலையை முதலில் செய்துவிடுங்கள். அறிமுகப் பத்தியைத் தொடுவதற்கு முன்பே கோப்பை இறக்கித் திறந்து, நம் கேள்விக்குத் தேவையான இரண்டு மாறிகளும் (தூக்க நேரம், வேலை போன்றவை) காலியாக இல்லாத வரிசைகள் எத்தனை என்று எண்ணுங்கள். அந்த எண்ணைச் செயல்முறைப் பகுதியின் முதல் வாக்கியத்தில் போடுங்கள். வழிகாட்டி அடுத்துக் கேட்கப்போவது பகுப்பாய்வைப் பற்றியதாக இருக்கும்.