பொது விடுமுறைக்கு ஏற்ற கிழமை: 2025 பொங்கல் பயணத்தில் பட்டது

2025 பொங்கலுக்கு லண்டனிலிருந்து ஊருக்குப் போனபோது முக்கியமான வேலை என்று இருந்தது ஒன்றுதான். அப்பாவின் வங்கிக் கணக்கை முடிக்க வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வங்கி மேலாளர் முன்னால் அம்மாவும் தங்கையும் நானும் கையெழுத்துப் போட வேண்டும். குலதெய்வம் கோயில், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. இந்தக் கையெழுத்து மட்டும் நடக்கவில்லை. யாரும் லஞ்சம் கேட்கவில்லை, யாரும் விரட்டவில்லை. கிழமைகள்தான் கெடுத்தன.

அந்த வருடம் தை முதல் நாள் செவ்வாய்க்கிழமை. புதன் மாட்டுப் பொங்கல், வியாழன் உழவர் திருநாள். முந்தின நாள் திங்கள் போகி. அரசு விடுமுறை இல்லை என்பதால் தாலுகா அலுவலகம் போனேன். கதவு திறந்திருந்தது, மின்விசிறி சுற்றியது, பாதி நாற்காலிகளில் ஆள் இல்லை. எங்கள் மனுவை விசாரித்து அறிக்கை தர வேண்டிய ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) லீவு. “பொங்கல் கழிச்சு வாங்க தம்பி” என்றார் ஒரு அம்மா, தன் பையை எடுத்துக்கொண்டே.

சரி, வெள்ளிக்கிழமை வரலாம் என்றால், அந்த 17-ஆம் தேதியையும் தமிழக அரசு விடுமுறையாக அறிவித்திருந்தது. சனி, ஞாயிறும் சேர்ந்து ஆறு நாள். சின்ன வயதில் இப்படி ஒரு தொடர் விடுமுறைக்கு ஏங்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் தபால்காரர் பொங்கல் வாழ்த்துக் கட்டோடு வந்து போனால் அப்புறம் ஊரில் எந்த அலுவலக வேலையும் நடக்காது, யாரும் எதிர்பார்க்கவும் மாட்டார்கள். திரும்பும் டிக்கெட்டோடு வந்திருப்பவனுக்கு அந்த ஆறு நாளும் நெஞ்சில் கல்.

17-ஆம் தேதிக்கு ஈடாக 25-ஆம் தேதி சனிக்கிழமை வேலை நாள் என்று அரசு சொல்லியிருந்தது. அன்றைக்குத் தாலுகா அலுவலகத்தைப் பார்த்து அசந்துபோனேன். எல்லா மேசையிலும் ஆள். முதல் வாரம் காணாத ஆர்.ஐ. என்னைப் பார்த்ததும், “உங்களது தாசில்தார் ஒப்புதல் ஆயிடுச்சு, இ-சேவையில எடுத்துக்கோங்க” என்றார். பதினோரு மணிக்கெல்லாம் சான்றிதழ் கையில். லண்டனில் சனிக்கிழமை எந்தக் கவுன்சில் அலுவலகத்தில் இப்படி வேலை நடக்கும்?

அம்மாவையும் தங்கையையும் ஆட்டோவில் ஏற்றி நேரே வங்கிக்குப் போனோம். ஷட்டர் இறங்கியிருந்தது. ஏ.டி.எம். வாசலில் காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். “நாலாவது சனிங்க, பேங்க் கிடையாது.” 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிகளில் வங்கி விடுமுறை என்பது நாட்டுக்கே தெரிந்த நடைமுறை. அரசு ஈடு செய்யத் தேர்ந்த சனி அந்த நான்காம் சனியேதான். அம்மா ஒன்றும் பேசாமல் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். முட்டிவலியோடு வந்தவர். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

மறுநாள் 26, குடியரசு தினம், ஞாயிறு. திங்கள் விடியற்காலை திருச்சியில் எனக்கு விமானம்.

இங்கிலாந்தில் இதையெல்லாம் முன்பே யோசித்து வைத்திருக்கிறார்கள். மே மாதத்தின் முதல் திங்கள், கடைசித் திங்கள், ஆகஸ்டின் கடைசித் திங்கள் என்று கிழமையோடு கட்டிய விடுமுறைகள். கிறிஸ்துமஸ் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரு வேலை நாளை ஈடாகத் தருவார்கள். நம் ஊரில் குடியரசு தினம் ஞாயிற்றில் விழுந்தால் அந்த விடுமுறை போனதுதான்.

தை ஒன்றை யாரும் நகர்த்த முடியாது, நகர்த்தவும் கூடாது. ஆனால் அரசாகச் சேர்த்துக் கொடுக்கிற நாளுக்குக் கிழமை பார்க்கலாமே. செவ்வாயில் விடுமுறை வந்தால் திங்களும் சேர்ந்து போகிறது, வியாழனில் வந்தால் வெள்ளி போகிறது. புதனில் வந்தால் சென்னையிலிருந்து இரவு பஸ் பிடித்து வருகிறவர் அன்றிரவே திரும்ப பஸ் ஏற வேண்டும். ஆக, வாரக் கடைசியோடு ஒட்டினால்தான் எல்லோருக்கும் நல்லது.

அதிலும் லண்டன் மாதிரி திங்கள் வேண்டாம் என்பேன். கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் நடப்பது திங்கட்கிழமை. முதல் பஸ்ஸில் மனுவோடு வருகிற பாட்டிக்கு ஒரு திங்கள் போனால் ஒரு வாரமே போச்சு. வெள்ளி விடுமுறை என்றால் அந்தப் பாதிப்பு இல்லை. வியாழன் இரவே கிளம்பியவர்கள் ஞாயிறு இரவு பஸ் ஏறி, திங்கள் காலை இருக்கையில் இருக்கலாம். 2020-இல் இரண்டாம் உலகப் போர் வெற்றியின் 75-ஆம் ஆண்டுக்காக இங்கிலாந்தே தன் மே மாதத் திங்கள் விடுமுறையை 8-ஆம் தேதி வெள்ளிக்கு மாற்றியது.

அதனால் 17-ஆம் தேதி வெள்ளிக்கு விடுமுறை விட்டதை நான் குறை சொல்லவில்லை. அன்று அலுவலகம் திறந்திருந்தாலும் பாதி நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும். ஈடு செய்யும் சனியை மட்டும் வங்கியும் திறந்திருக்கிற சனியாகப் பார்த்து வைத்திருக்கலாம். பிப்ரவரி 1, மாதத்தின் முதல் சனி, அடுத்த வாரமே இருந்தது.