ஒரே படப்பாட்டு: 45 சின்னத் தட்டா, எல்பியா?

தோட்டத்து லயங்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) காலி செய்தவர்கள் கொடுத்த பழைய இசைத்தட்டுகள் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் இன்னும் கைமாறுகின்றன. ஒரே படத்தின் பாடல்கள் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் சின்னத் தட்டிலும் (45), 33 சுற்றில் நீண்ட நேரம் ஓடும் பெரிய தட்டான எல்பியிலும் கிடைத்தால் எதை எடுப்பது?

ஒலி: 45 சுற்றில் ஓடுவதால் சின்னத் தட்டுதான் எப்போதும் துல்லியம் என்பார்கள். அது பாதி உண்மை. பாட்டு பதிந்த பள்ளம் ஊசிக்கு அடியில் வேகமாக ஓடினால்தான் ஒலி துல்லியம். எல்பியின் விளிம்பில் அது நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடுகிறது, உள்ளே போகப் போக 21 வரை இறங்கிவிடும். சின்னத் தட்டில் 40 அளவில் தொடங்கி 25 அளவில் முடியும். அதனால் எல்பியின் முதல் பாட்டு அருமையாக இருக்கும். கடைசிப் பாட்டில் 'ஸ', 'ஷ' ஒலிகள் கரகரக்கும். உங்களுக்குப் பிடித்தது அந்தக் கடைசிப் பாட்டு என்றால் தயங்காமல் 45ஐத் தேடுங்கள்.

தேய்மானம்:
45 – கல்யாணம், திருவிழா என்று கனமான ஊசியில் ஓடி ஓடித் தேய்ந்தவை அதிகம்.
எல்பி – என் கண்ணில் பட்டவரை வீட்டோடு இருந்தவை.
எதுவானாலும் குழல்விளக்கில் சாய்த்துப் பாருங்கள். பள்ளம் பளபளக்காமல் சாம்பல் பூத்திருந்தால் வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பிடிக்கும் பூஞ்சை கழுவினால் போய்விடும், தேய்ந்தது திரும்பாது.

விலை: 45 மலிவு. எல்பிக்கு வெள்ளி (ரிங்கிட்) கூடத்தான் போகும்.

சரி, ஓரிரு பாட்டுக்காக என்றால் 45 போதும். முழுப் படத்தையும் அடிக்கடி எழுந்து மாற்றாமல் கேட்க எல்பி. அதுவும் தேயாத எல்பி கிடைத்தால் விலை பார்க்காமல் வாங்கிவிடுங்கள்.