பிறந்தநாள் மேசைக்குப் பணியாரமா, கட்லெட்டா, சாண்ட்விச்சா?

மகன் பிறந்தநாளுக்கு வெளியில் ஆர்டர் கொடுக்காமல் வீட்டிலேயே சிற்றுண்டி செய்வது என்று முடிவானதும், ஆளுக்கொன்று சொன்னார்கள். என் தங்கை கட்லெட் என்றாள், மாமியார் பணியாரம் என்றார், கணவர் சாண்ட்விச் போதும் என்றார். என் மகனுக்கோ வெங்காயம் பல்லில் பட்டால் ஆகாது. கொத்தமல்லித் தழை கண்ணில் பட்டால் தட்டையே தள்ளிவிடுவான். நான் பணியாரத்தைத்தான் செய்தேன். அடுத்த முறையும் அதையேதான் செய்வேன்.

சாண்ட்விச்சில் அடுப்பு வேலை இல்லை. ஆனால் மின்விசிறிக் காற்றில் ரொட்டி ஓரம் சீக்கிரம் காய்ந்துவிடும், தக்காளியும் வெள்ளரியும் நீர் விட்டுவிடும். பச்சை முட்டையில் செய்யும் மயோனைசுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. நம் ஊர் வெயிலில் அதை மேசையில் வைக்க எனக்கு மனம் வராது. அதை விட்டால் ஜாமும் சீஸும்தான்.

கட்லெட்டின் ருசியைக் குறை சொல்ல முடியாது. முதல் நாளே உருட்டித் தட்டி, ரஸ்க் தூளில் புரட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். பொரிப்பதை மட்டும் முன்கூட்டியே முடிக்க முடியாது.

எனக்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது ஆறிய பிறகு பண்டம் எப்படி இருக்கிறது என்பதுதான். ஐந்து மணிக்கு அழைத்தால் ஆறு மணிக்குத்தான் கூட்டம் சேரும். கேக் வெட்டி, பிள்ளைகள் விளையாடி முடித்துத் தட்டைத் தொடும்போது ஏழாகிவிடும். உணவில் பிடிவாதமான பிள்ளை ருசியைவிட வாயில் படும் பதத்தைத்தான் முதலில் கவனிக்கும். மொறுமொறுவென்று பிடித்திருந்த கட்லெட், உள்ளேயிருக்கும் கிழங்கின் ஆவியில் மேல்தூள் நமுத்துப்போனால், அந்தப் பிள்ளைக்கு அது வேறு பண்டம். ஹாட்பேக்கில் மூடி வைத்தால் இன்னும் மோசம். பணியாரத்துக்கு மென்மைதான் இயல்பு. மேலே இருக்கும் மெல்லிய முறுகல் போனாலும் உள்பதம் அவ்வளவாக மாறாது. ஆறிப்போனதையும் என் மகன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதோடு, ஒரே மாவை மூன்றாகப் பிரிக்கலாம். அவனுக்கு உப்பும் நெய்யும் மட்டும். தாளிப்பில்லை, கடுகுகூட இல்லை. பெரியவர்களுக்கு வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ப்பல் வதக்கிச் சேர்த்தது. மூன்றாவதில் வெல்லப்பாகும் ஏலக்காயும். எல்லாம் ஒரே உருண்டை என்பதால், தனக்கு மட்டும் வேறு தட்டு என்ற நினைப்பு பிள்ளைக்கு வராது. இது எனக்குப் பெரிய விஷயம்.

மாவு புளித்திருக்கக் கூடாது. இத்தகைய பிள்ளைகள் புளிப்பை முதல் கடியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் பொங்கியதும் எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். இனிப்பு மாவு சீக்கிரம் கருகும், கல்லில் பிடிக்கும். தீயைக் குறைத்து நெய்யைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். தேங்காய்ச் சட்னி வெயிலில் கெட்டுவிடும் என்பதால் இட்லிப்பொடியை நெய்யில் குழைத்து வைத்தேன். மிகச் சின்னக் குழந்தைகளுக்கு உருண்டையை நான்காகப் பிய்த்துக் கொடுப்பது நல்லது.

நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு குழிக் கல்லில் ஓர் ஈடு வேக ஐந்து நிமிடம் ஆகும். இருபது பிள்ளைகளுக்குத் தலைக்கு நான்கு என்றால் எண்பது, அதாவது ஏழு ஈடு. முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். ஐம்பது பேருக்கு நான் செய்து பார்த்ததில்லை. அதற்கு இரண்டாவது கல்லும் கூடவே ஒரு கையும் வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. ஏர் ஃப்ரையரில் செய்த கட்லெட்டை ஒரு வீட்டில் சாப்பிட்டேன், நன்றாகவே இருந்தது. ஆனால் விருந்து அளவுக்கு அதில் சமைத்த அனுபவம் எனக்கில்லை.

ஆறேழு பேர் மட்டும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்க, நீங்கள் பொரிக்கப் பொரிக்கத் தட்டுக்குப் போகும் என்றால் தாராளமாகக் கட்லெட்டே செய்யுங்கள்.