கார்பன் பிளாக்கா, சிலிகாவா: கியூரை யார் கெடுப்பது?

ரப்பரில் கலக்கும் ஃபில்லர் என்றால் சும்மா இடத்தை அடைக்கும் பொடி என்று நினைப்பவரா நீங்கள்? எச்.ஏ.எஃப் ரக கார்பன் பிளாக் (நுண்ணிய கரித்தூள்) போட்டு ஓடிக்கொண்டிருக்கும் ரப்பர் கலவையில் அதை எடுத்துவிட்டு அதே எடைக்கு சிலிகாவைப் போடுங்கள், ரப்பரைச் சூட்டில் கெட்டிப்படுத்தும் கியூர் வேலைக்கான கந்தகம், ஜிங்க் ஆக்சைடு, அதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டரான சிபிஎஸ் எதையும் தொடாதீர்கள். வழக்கமான நேரத்தில் மோல்டைத் திறந்தால் பெரும்பாலும் வேகாத சரக்குதான் வரும். நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கும், தடியான இடத்தை அறுத்தால் உள்ளே குமிழி.

காரணம் சிலிகாவின் மேற்பரப்பு. அங்கே நிறைந்திருக்கும் சிலனால் தொகுதிகளுக்கு லேசான அமிலத் தன்மை உண்டு. காரத் தன்மையுள்ள ஆக்சிலரேட்டர்கள் அதில் போய் ஒட்டிக்கொள்ளும், ஜிங்க்கும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் கந்தகம் எவ்வளவு இருந்தும் என்ன, அதைக் கிளப்பிவிட ஆளில்லை. கியூர் இழுக்கும், ரப்பர் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பும் குறையும்.

கார்பன் பிளாக்கில் இந்தத் தலைவலி கிடையாது. ஃபர்னஸ் பிளாக் பொதுவாக நடுநிலை அல்லது லேசான காரம், கியூரை விரைவுபடுத்தவே செய்யும். ஆனால் துகள் நுண்மையாக ஆக மிக்சிங்கில் சூடும் ஏறும், ஸ்கார்ச் (மோல்டுக்குப் போகுமுன்பே கியூர் தொடங்கிவிடுவது) பயமும் கூடும். பழைய சேனல் பிளாக் கதையே வேறு: அதுவும் கார்பன்தான், ஆனால் பரப்பு அமிலம், கியூரைத் தாமதப்படுத்தும். களிமண்ணும் கிட்டத்தட்ட அந்த ரகம். கால்சியம் கார்பனேட் யாரையும் தொந்தரவு செய்யாது, பெரிதாக வலுவும் தராது.

சிலிகாவைச் சரிக்கட்ட இரண்டு வழி. டிபிஜி என்ற இன்னொரு ஆக்சிலரேட்டரோ பாலிஎத்திலீன் கிளைக்காலோ சேர்த்தால் அவை முந்திப்போய்ப் பரப்பில் உட்கார்ந்துகொள்ளும், சிபிஎஸ் தப்பிக்கும். டிபிஜி சூட்டில் நச்சான அனிலைனை விடும் என்பதால் டயர்க்காரர்கள் மாற்று தேடுகிறார்கள். இரண்டாவது, எஸ்ஐ69 போன்ற சிலேன்: ஒரு முனை எத்தனாலை விட்டுவிட்டு சிலிகாவைப் பிடிக்கும், மறுமுனையின் கந்தகம் ரப்பரைப் பிடிக்கும். 1990களில் மிஷெலின் கொண்டுவந்த, எரிபொருள் மிச்சப்படுத்தும் டயர்களுக்கு அடிப்படை இதுதான். மிக்சிங் சூடு 140 முதல் 155 டிகிரிக்குள் நிற்க வேண்டும். குறைந்தால் வினை நடக்காது, 160 தாண்டினால் சிலேனின் கந்தகமே மிக்சருக்குள் ரப்பரைக் கியூர் செய்யத் தொடங்கிவிடும்.

அதனால், சூட்டை இந்த அளவுக்குள் நிறுத்துவது கடினமான வெறும் ஓப்பன் மில் (இரண்டு உருளைகளுக்கிடையே கலக்கும் திறந்த இயந்திரம்) வைத்திருப்பவர் சிலேன் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. கறுப்புச் சரக்குக்கு கார்பன் பிளாக், கலர் சரக்குக்கு சிலிகாவோடு டிபிஜியும் கிளைக்காலும் போதும். மூடிய அறைக்குள் கலக்கும் இன்டர்னல் மிக்சர் இருந்தால் தாராளமாக சிலேனுக்குப் போகலாம், ஆனால் ஜிங்க் ஆக்சைடை முதல் சுற்றிலேயே கொட்டாதீர்கள், சிலிகாவின் பரப்புக்கு அதுவும் சிலேனோடு போட்டி போடும்.