கேம் பாயில் இசை, பெரிய திரையில் படம்: எந்த வழி உருப்படி?

நின்டெண்டோ 1989-ல் கேம் பாய் என்னும் கையடக்க வீடியோ கேம் கருவியை இறக்கியபோது அதை விளையாட்டுப் பொருளாகத்தான் விற்றது. ஜெர்மனியின் ஒலிவர் விட்சோ 1998-ல் நானோலூப்பையும், சுவீடனின் யோகான் கோட்லின்ஸ்கி 2000-ல் எல்எஸ்டிஜே என்னும் லிட்டில் சவுண்ட் டிஜேயையும் கேம் பாயில் ஓடும் இசை மென்பொருள்களாக எழுதிய பிறகு அது மேடைக்கு வந்தது. மேடை ஏறியவர்களுக்கு இரண்டு ஆசைகள். ஒலி இரைச்சலில்லாமல் ஒலி கலக்கும் மிக்சருக்குப் போக வேண்டும், விரல் செய்வது புரொஜெக்டரில் தெரியவும் வேண்டும். இரண்டையும் ஒரே கருவியிடம் கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

முதலில் ஒலி. கேம் பாயில் நான்கு தடங்கள்: இரண்டு பல்ஸ் (சதுர அலை), 32 மாதிரிகள் கொண்ட ஒரு வேவ் (நாமே வடிவம் தரும் அலை), ஒரு நாய்ஸ் (இரைச்சல்). 1989 மாடலான டிஎம்ஜியை இசைக்காரர்கள் இன்றும் தேடிப் பிடிப்பதற்குக் காரணம் அதன் தடித்த பேஸ். குறை ஹெட்போன் ஜாக்கில் இருக்கிறது. உள்ளிருக்கும் சிறிய ஆம்ப்ளிஃபையரைத் தாண்டி வரும்போது ஒலியோடு இரைச்சலும் ஒட்டிக்கொள்கிறது.

இதற்கான மருந்துதான் புரோசவுண்ட் மாடிஃபிகேஷன். பின்பக்கத்தில் இருக்கும், தலையில் மூன்று கிளை வெட்டுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் போர்டில் வால்யூம் சக்கரத்தின் கால்கள் தெரியும். ஒலி ஆம்ப்ளிஃபையருக்குள் நுழையும் முன்பே அங்கே இடது, வலது என இரண்டு ஒயர்களைச் சால்டர் வைத்து எடுத்து, மூன்றாவதாக ஒரு கிரவுண்ட் ஒயரையும் சேர்த்துப் புது ஜாக்கில் முடிக்க வேண்டும். சக்கரத்துக்கு முன்னால் எடுத்தால் ஒலி எப்போதும் முழு அளவில் வரும், அளவை மிக்சரில் பார்த்துக்கொள்ளலாம். பின்னால் எடுத்தால் சக்கரம் வழக்கம்போல வேலை செய்யும். மேடைக்கென்றால் சக்கரத்துக்கு முன்னால் எடுப்பதே மேல். பாட்டு ஓடும்போது கை பட்டு வால்யூம் குறைந்துபோகும் வம்பு இல்லை. மூன்று ஒயர்தான் என்பதால் சால்டரிங் புதிதாகப் பழகுபவரும் ஓர் உதவாத போர்டில் கை பழகிவிட்டு இறங்கலாம்.

இனி படம். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ஐபிஎஸ் என்னும் புது ரக ஒளிரும் திரையை வாங்கிப் பொருத்துகிறார்கள். பளிச்சென்று இருக்கும், உண்மைதான். ஆனால் புதுத் திரையும் அதன் விளக்கும் பழைய பவர் சர்க்யூட்டிலிருந்தே மின்சாரம் உறிஞ்சுகின்றன. வெளிச்சத்தைக் கூட்டும்போது ஸ்பீக்கரில் மெல்லிய கீச்சொலி கேட்பதும், அதை அடக்க கபாசிட்டர் சேர்ப்பதும், பவர் போர்டையே மாற்றுவதும் இந்த வட்டாரத்தில் தெரிந்த கதை. இசைக்காக வாங்கிய கருவியில் இது தேவைதானா? இருட்டில் தெரிந்தால் போதும் என்பவருக்குப் பழைய திரையின் பின்னாலிருக்கும் பிரதிபலிப்புத் தாளை உரித்து, போலரைசரோடு (ஒளியை வடிகட்டும் தாள்) ஒரு எல்இடி பலகையைச் செருகும் பழைய முறையே போதும். கூடவே பைவெர்ட் என்று, படத்தின் கறுப்பு வெளுப்பைத் திருப்பிப்போடும் 74எச்சி04 சிப்பைப் பொருத்தினால் கறுப்பும் வெளுப்பும் தெளிவாகப் பிரியும். ஆனால் இதெல்லாம் கைக்குள் இருக்கும் திரைக்குத்தான், புரொஜெக்டருக்கு ஆகாது.

பெரிய திரைக்கு நின்டெண்டோவே கொடுத்த வழி 1994-ல் வந்த சூப்பர் கேம் பாய். டிவியில் இணைக்கும் கன்சோலான சூப்பர் நின்டெண்டோவில் செருகினால் டிவியில் படம் வரும், எதையும் கழற்ற வேண்டாம். ஆனால் இசைக்காரருக்கு அதில் ஒரு பொறி இருக்கிறது. அது தன் கடிகாரத் துடிப்பை சூப்பர் நின்டெண்டோவிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. கேம் பாயின் துடிப்பு 4.194 மெகாஹெர்ட்ஸ், என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பான் டிவி முறை) சூப்பர் நின்டெண்டோவில் அது 4.295 ஆகிவிடும். அதாவது 2.4 சதவீதம் வேகம். நிமிடத்துக்கு 120 தட்டில் போட்ட பாட்டு 123-ஐத் தொடும், சுருதியும் ஏறக்குறைய 41 சென்ட் ஏறிவிடும். அரைச் சுரத்துக்கு 100 சென்ட் என்றால் இது எவ்வளவு பெரிய பிசகு என்று பாருங்கள். தனியாக வாசித்தால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் ஒரு கிட்டாரோ இன்னொரு கேம் பாயோ இருந்தால் காது கூசும். போதாக்குறைக்கு இரண்டு கேம் பாய்களைக் கேபிளால் இணைக்கும் லிங்க் போர்ட்டும் இல்லை, இரண்டு கருவிகளை ஒத்து ஓடவைக்க வழியே கிடையாது.

1998-ல் ஜப்பானில் மட்டும் விற்ற சூப்பர் கேம் பாய் 2 இந்த இரண்டையும் சரிசெய்தது. அதற்குத் துடிப்பைத் தரும் சொந்தக் கிரிஸ்டல் உண்டு, லிங்க் போர்ட்டும் உண்டு. வீட்டில் உட்கார்ந்து இசையமைப்பவருக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை என்பேன். தூக்கிக்கொண்டு மேடைக்குப் போக நினைத்தால்தான் சுமை.

2003-ல் நின்டெண்டோவின் கேம்கியூப் கன்சோலுக்கு வந்த கேம் பாய் பிளேயர், உள்ளே இருப்பது பிந்தைய மாடலான கேம் பாய் அட்வான்ஸ் என்பதால் அட்வான்ஸ் இசைக்காரருக்குப் பொருந்தும். டிஎம்ஜியின் பேஸை அதில் எதிர்பார்க்க வேண்டாம். ஓர் அட்வான்ஸ் போர்டைப் பெட்டிக்குள் வைத்து ஹெச்டிஎம்ஐ எடுக்கும் கன்சோலைசருக்கும் இதே தீர்ப்புதான்.

2021 இறுதியில் வந்த அனலாக் பாக்கெட் வேறு ரகம். பழைய சிப் எதுவும் கிடையாது. எந்தச் சர்க்யூட்டாகவும் மாற்றியமைக்கக்கூடிய எஃப்பிஜிஏ சிப் கேம் பாயின் சர்க்யூட்டை நகலெடுத்து ஓடுகிறது. திரை 1600×1440, அதாவது கேம் பாயின் 160×144-க்குச் சரியாகப் பத்து மடங்கு, ஒரு புள்ளிகூடப் பிசிறடிக்காது. நானோலூப் உள்ளேயே இருக்கிறது, எல்எஸ்டிஜே கேட்ரிட்ஜும் ஓடும். டாக் என்னும் தாங்கியில் வைத்தால் ஹெச்டிஎம்ஐ கிடைக்கும். ஆனால் டாக்கில் வைத்த பிறகு கருவி கையில் இருக்காது, தனி கன்ட்ரோலரில்தான் வாசிக்க வேண்டும். டாக்கிலிருந்து ஒலியும் ஹெச்டிஎம்ஐயிலேயே போவதால் அதைப் பிரித்து மிக்சருக்கு அனுப்ப இன்னொரு பெட்டியும் வேண்டும். பணம் இருந்து, சால்டரிங் அயர்னைத் தொடவே மாட்டேன் என்பவருக்கு இது நல்ல கருவி.

என் ஓட்டு ஒலியையும் படத்தையும் பிரித்துவிடும் வழிக்குத்தான். புரோசவுண்ட் போட்ட டிஎம்ஜி, அதன் மேல் கேம் பாய் இன்டர்செப்டர். ஜெர்மனியின் செபாஸ்டியன் ஸ்டாக்ஸ் 2022-ல் வெளியிட்ட திறந்த வடிவமைப்பு இது. கேட்ரிட்ஜுக்கும் கேம் பாய்க்கும் நடுவில் செருக வேண்டும். உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை பிகோ என்னும் சிறு கணினிப் பலகையில் வரும் அதே ஆர்பி2040 சிப். கேட்ரிட்ஜிலிருந்து கேம் பாய் என்ன படிக்கிறது என்று ஒட்டுக்கேட்டு, திரையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத் தானே கணக்குப்போட்டு, யுஎஸ்பியில் வெப்கேம்போலக் கணினிக்குக் கொடுக்கிறது. கேம் பாயில் ஒரு ஒயரும் கூடுவதில்லை. ஒலி தன் ஜாக்கில் தனியாக மிக்சருக்குப் போய்விடும். கையும் பழகிய பொத்தான்களிலேயே இருக்கும்.

அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அது படத்தைப் பார்ப்பதில்லை, ஊகிக்கிறது. ஊகம் பிசகினால் புரொஜெக்டரில் ஒன்று, கையில் ஒன்று என்று ஆகும். அதனால் நிகழ்ச்சிக்கு முன் உங்கள் கேட்ரிட்ஜை, உங்கள் எல்எஸ்டிஜே பதிப்பை, முழுப் பாட்டும் ஓடவிட்டுச் சோதித்துவிடுங்கள். திரும்பத் திரும்ப எழுதக்கூடிய ஃபிளாஷ் கேட்ரிட்ஜ் என்றால் இன்னும் கவனமாக. ஒத்துவராவிட்டால் எல்இடி போட்ட பழைய திரைக்கு நேர் மேலே ஸ்டாண்டில் ஒரு கேமராவைக் கட்டிவிடலாம். விரல்களும் சேர்ந்து தெரியும், கூட்டத்துக்கு அது இன்னும் பிடிக்கலாம்.