ஏஸ் ஜோடி உடஞ்ச பிறகு: எழுந்து போறதா, தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றதா, உக்காந்தே தாங்குறதா?

போன தீபாவளி வாரம் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல மாமா வீட்ல சொந்தக்காரங்க எட்டு பேர் உக்காந்து போக்கர் ஆடுனோம், பிளைண்ட் (ஒவ்வொரு கைக்கும் ரெண்டு பேர் முறை வெச்சு கட்டாயமா வெக்கிற காசு) 20 சென் 40 சென், பை-இன் (உக்காரும்போது கட்டுற காசு) 40 வெள்ளி, அதாவது ரிங்கிட். எனக்கு ஏஸ் ஜோடி, மச்சானுக்கு கிங் ஜோடி, ஃப்ளாப் (மேசைல எல்லாருக்கும் பொதுவா விரிக்கிற அஞ்சு சீட்டுல மொத மூணு) வர்றதுக்கு முன்னாடியே ரெண்டு பேரும் ஆல் இன், முன்னாடி இருந்த காசு எல்லாத்தையும் வெச்சிட்டோம். இந்த நிலமைல ஏஸ் 100க்கு 82 தடவ ஜெயிக்கும். ஃப்ளாப்லயும் ஒண்ணும் இல்ல, நாலாவது சீட்டான டர்ன்லயும் ஒண்ணும் இல்ல, மீதி இருந்த 44 சீட்டுல ரெண்டே ரெண்டு கிங், கடைசி சீட்டான ரிவர்ல அதுல ஒண்ணு வந்து விழுந்துச்சு. சரி, 40 வெள்ளி போச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி வீட்டுக்கு போறப்போ மொத்தம் 160 வெள்ளி போயிருந்துச்சு. கெட்ட நேரம் எடுத்தது 40, மீதி 120ஐ நானேதான் தூக்கி குடுத்தேன், ஜாக்கும் நாலும் மாதிரி மோசமான சீட்ட வெச்சிக்கிட்டு அடுத்தவன் வெச்ச காசுக்கு ஈடா வெச்சு கால் பண்ணி, மச்சான் காச ஏத்தி ரெய்ஸ் பண்ணா போதும் கைல என்ன இருக்குன்னு கூட சரியா பாக்காம ரீ-ரெய்ஸ் பண்ணி.

இதுக்குத்தான் டில்ட்னு பேர். பழைய பின்பால் மெஷினை கோவத்துல ஆட்டி சாய்ச்சா அது லாக் ஆகி நின்னுடும், அதுல இருந்து வந்த வார்த்தை. 1979ல மனோதத்துவ ஆராய்ச்சியாளருங்க கானமனும் ட்வெர்ஸ்கியும் எழுதுன ஆராய்ச்சியில இருக்கற விஷயம்தான் அங்க நடக்குது: நட்டத்துல நிக்கிற மனுஷன் நிச்சயமான சின்ன நட்டத்த ஏத்துக்க மாட்டான், எப்படியாச்சும் சமமாயிடணும்னு இன்னும் பெரிய ரிஸ்க் எடுப்பான். அதனால 82, 18 கணக்கு தெரிஞ்சா கோவம் வராதுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க, எனக்கு கணக்கு நல்லாவே தெரியும், கோவமும் நல்லாவே வந்துச்சு.

அதுக்கப்புறம் இந்த அஞ்சாறு மாசமா டில்ட்ட அடக்க மூணு வழியையும் ஆடி பாத்துட்டேன்.

உக்காந்தே தாங்குறது, அதாவது "இனிமே நல்ல சீட்டு வந்தா மட்டும் ஆடுறேன்"னு மனசுக்குள்ள சொல்லிக்கறது, கேக்க ரொம்ப ஞாயமா இருக்கும். ஜாக் ஜோடி, அதுக்கு மேல உள்ள ஜோடிங்க, ஏஸ்-கிங், இவ்வளவு மட்டும் ஆடுனா 33 கைக்கு ஒண்ணுதான் வரும். வீட்டு ஆட்டத்துல மணிக்கு 25 கை ஓடுனா பெருசு, அப்போ ஒரு மணி நேரத்துக்கு மேல சும்மா சீட்ட போட்டுட்டு ஃபோல்ட் பண்ணிக்கிட்டே உக்காந்திருக்கணும். பொறுமை போனதுதான் டில்ட்டே, அந்த பொறுமைய வெச்சே டில்ட்ட அடக்கறேன்னா எப்படி லா? நான் மூணு தடவ முயற்சி பண்ணேன், மூணு தடவையும் கால் மணி நேரத்துல ஏழு-எட்டு எனக்கு நல்ல சீட்டாயிடுச்சு.

பத்து நிமிஷம் எழுந்து போயிட்டு வர்றது இதவிட எவ்வளவோ மேல். நீங்க இல்லாதப்போ ஒரு சுத்துக்கு பிளைண்ட் பிடிச்சாலும் 60 சென்தான் போகும், அதவிட மலிவா ஒரு மருந்து கிடையாது. ஆனா எங்க போறீங்க, யாரோட போறீங்கன்னு இருக்கு. முனையில ஒட்டுக்கடைக்கு போய் தேத்தாரே குடிச்சிக்கிட்டு பக்கத்துல இருக்கறவன்கிட்ட "ரிவர்ல கிங்டா, ரெண்டே கிங்டா"ன்னு அதையே திருப்பி திருப்பி சொன்னா திரும்பி வர்றப்போ சூடு ரெண்டு மடங்கு ஆயிருக்கும். தனியா நடந்துட்டு வந்த அன்னிக்குத்தான் எனக்கு வேலை செஞ்சது.

மூணாவது ஸ்டாப் லாஸ், இவ்வளவு போனா எழுந்துடணும்னு முன்கூட்டியே வெச்சிக்கற எல்லை. இதுல குறை இருக்கு, மறைக்க மாட்டேன். அது காசத்தான் எண்ணும், மனச எண்ணாது. நல்லா ஆடியே ரெண்டு பை-இன் போகலாம், ஒரு காசும் போகாமலே தலை சூடாயிருக்கலாம். இன்னொண்ணு, எல்லாரும் ஒரே காடியில போயிருந்தா எழுந்து எங்க போறது, நாற்காலிய தள்ளி போட்டு வேடிக்க பாத்துட்டு திரும்ப உக்கார வேண்டியதுதான். இருந்தாலும் மூணுல இதுக்குத்தான் என் ஓட்டு, ஏன்னா மத்த ரெண்டுலயும் "நான் இப்ப நிதானமா இருக்கேனா"ன்னு கெட்டுப்போன தலைகிட்டயே போய் கேக்கறோம், இதுல அந்த கேள்வியே இல்ல. டோர்னமெண்ட்ல பாருங்க, 2008 வேர்ல்ட் சீரீஸ் ஆஃப் போக்கர் மெயின் ஈவண்ட்ல மாபுச்சின்னு ஒரு ஆட்டக்காரர் நாலு ஏஸ் வெச்சிருந்தும் எதிராளியோட ராயல் ஃப்ளஷ்கிட்ட (போக்கர்ல இருக்கறதுலயே பெரிய கை) தோத்து வெளிய போனாரு. எவ்வளவு எரிஞ்சிருக்கும், ஆனா சிப்ஸ் போச்சுன்னா கதை அங்கயே முடிஞ்சது, அதுக்கு மேல ஒண்ணும் விட முடியாது. நம்ம ஆட்டத்துலதான் கை பாக்கெட்டுக்கு போகும்.

எங்கப்பா முப்பது வருஷம் பால்மரம் வெட்டுனவரு. விடியக்காலைல மழை பிடிச்சா அன்னிக்கு வெட்டு இல்ல, கூலியும் போச்சு. போன கூலிய பிடிக்கணும்னு மறுநாள் சில பேர் உளிய ஆழமா விடுவாங்களாம், பட்டை தாண்டி மரத்துல காயம் விழும், அந்த இடத்துல பட்டை சரியா திரும்ப வளராது, அப்புறம் வருஷக்கணக்கா அங்க பால் எடுக்க முடியாது. நான் 160 வெள்ளி கதைய சொன்னப்போ அப்பா கேட்டது ஒண்ணே ஒண்ணு, "மழைக்கு மரம் என்னடா பண்ணும்?"

இப்ப நான் பண்றது ரெண்டையும் சேர்த்து. ஆல் இன் போய் தோத்தா, கோவம் வந்தாலும் வரலனாலும், பத்து நிமிஷம் வெளிய. ரெண்டு பை-இன், 80 வெள்ளி மட்டும் சட்டைப்பைல, பர்ஸ் வீட்ல மனைவிகிட்ட. உங்களுக்கு கோவம் சட்டுனு வந்து சட்டுனு போற ஆளா இருந்தா நடையே போதும். என்ன மாதிரி உள்ளுக்குள்ள வெச்சி வேகுற ஆளுன்னா எல்லை இல்லாம உக்காராதீங்க, தயவு செஞ்சு. வீட்டு செலவு காச எடுத்து ஆடறவங்களுக்கு இந்த மூணுல எதுவும் பதில் இல்ல, அவங்க ஆட்டத்தையே நிறுத்தணும்.

போன மாசம் மூணு எட்டு வெச்சிருந்தேன், ரிவர்ல தம்பிக்கு ஃப்ளஷ் (ஒரே ஜாதில அஞ்சு சீட்டு) விழுந்துச்சு, 40 வெள்ளி. வெளிய போய் மாரியம்மன் கோயில் வரைக்கும் நடந்துட்டு வந்து உக்காந்தேன். ஒரு மணி நேரம் கழிச்சு இன்னொரு 40ம் போச்சு, அதுவும் நல்ல கைதான். எழுந்துட்டேன். "இன்னும் மணி பத்து கூட ஆகலயே, உக்காரு மச்சான்"னு எல்லாரும் சொன்னாங்க. அன்னிக்கு என் மோட்டர்லதான் போயிருந்தேன்.