கிழிந்த ஆக்சில் ரப்பர் பூட்டுக்கு மூன்று வகைக் கிட்டுகள்: வீட்டிலேயே போட்டு ஓட்டிய பிறகு ஒரு மதிப்பீடு

முன்சக்கர இயக்கமுள்ள காரில் சக்கரத்தின் உட்புறத்தைக் குனிந்து பார்க்கும்போது, ரிம்மின் உள்விளிம்பிலும் பிரேக் காலிப்பரிலும் ஷாக் அப்சார்பரின் அடிப்பகுதியிலும் கறுப்பு கிரீஸ் ஒரே வரிசையில் தெறித்திருந்தால், எஞ்சினின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் ஆக்சிலின் வீல் பக்க ஜாயின்டை (மடங்கும் இணைப்பை) மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்துவிட்டது என்று பொருள். அந்த நிலையில் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால், "ஆக்சிலையே மாத்திடலாம் சார்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். ஜாயின்ட் நன்றாக இருக்கும்போது அது வீண் செலவு. பூட்டையும் கிரீஸையும் மாற்றினாலே போதும். இந்த வேலைக்கெனக் கடைகளில் கிடைக்கும் மூன்று வகைக் கிட்டுகளை, என்னுடைய பழைய மாருதி ஸ்விஃப்ட்டிலும் மைத்துனரின் வண்டியிலும் வீட்டு வாசலிலேயே போட்டு, ஒரு மழைக்காலமும் ஓட்டிப் பார்த்த பிறகு இதை எழுதுகிறேன். கம்பெனி கிட் நன்றாக உழைக்கிறது, ஆனால் வேலை பெரிது. இழுத்து மாட்டும் யுனிவர்சல் பூட் வீட்டில் செய்பவர்களுக்கு ஏற்றது, ஆனால் அதனுடன் வரும் கிளிப்புகளை நம்ப முடியாது. பசை போட்டு ஒட்டும் பிளவு பூட்டை வாங்கவே வேண்டாம்.

எந்தக் கிட்டை வாங்குவதற்கு முன்பும், ஜாயின்ட் பிழைத்திருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுவதுமாக ஒரு பக்கம் ஒடித்து, முதல் கியரில் மெதுவாக வட்டமடித்தால், தேய்ந்த ஜாயின்ட் "டக் டக் டக்" என்று சக்கரம் சுழலும் வேகத்துக்கு ஏற்பச் சத்தமிடும். அடுத்த பக்கத்துக்கும் இதையே செய்து பார்க்க வேண்டும். சத்தம் வந்துவிட்டால் புதுப் பூட்டாலும் புது கிரீஸாலும் பயனில்லை. வீல் பக்க ஜாயின்டுக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள், கேஜ் எனப்படும் வளையத்தின் சன்னல்களில் அமர்ந்து, வளைந்த பள்ளங்களில் உருண்டும் சறுக்கியும் ஓடுகின்றன. ஃபோர்டு நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஆல்ஃபிரட் ஷெப்பா 1920களில் வடிவமைத்த இந்த அமைப்புதான் சிறு மாற்றங்களோடு இன்றும் நம் வண்டிகளில் இருக்கிறது. பள்ளத்துக்கும் குண்டுக்கும் இடையில் மணல் புகுந்துவிட்டால், அழுத்தத்தில் அது எஃகையே அரித்துக் குழியாக்கிவிடும். 14 அங்குல வீல் கொண்ட சிறிய கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும்போது ஆக்சில் நொடிக்குப் பதினொரு முறைக்கு மேல் சுழல்கிறது. அத்தனை முறையும் பூட்டின் மடிப்புகள் ஆர்மோனியத் துருத்தியைப் போல ஒரு பக்கம் சுருங்கி மறுபக்கம் விரிகின்றன. எனவே பூட் என்றாவது கிழியத்தான் செய்யும். கிழிந்ததை எவ்வளவு சீக்கிரம் கவனிக்கிறோம் என்பதில்தான் ஜாயின்டின் ஆயுள் இருக்கிறது.

முதலாவது, மாருதியின் ஜெனுயின் பார்ட்ஸ் கிட். உறையில் ஒரு பூட், பெரியதும் சிறியதுமாக இரண்டு பட்டைக் கிளிப்புகள், அளந்து வைத்த ஒரு கிரீஸ் டியூப் ஆகியவை வருகின்றன. ரப்பர் கெட்டியாக இருக்கிறது. மடிப்புகளின் உட்பள்ளத்தை விரலால் பிதுக்கிப் பார்த்தால் எங்கும் ஒரே தடிமன். உள்விளிம்பில் இருக்கும் வரம்பு, ஆக்சிலின் தண்டான ஷாஃப்டில் வெட்டப்பட்ட பள்ளத்தில் கச்சிதமாக அமர்கிறது. இந்தப் பொருத்தத்தை வேறு எந்தக் கிட்டிலும் நான் காணவில்லை. சிக்கல், மாட்டும் முறையில் இருக்கிறது. சுசுகியின் சர்வீஸ் கையேடு வீல் பக்க ஜாயின்டைப் பிரிக்க அனுமதிப்பதில்லை. ஆகவே ஆக்சிலை முழுவதுமாக வெளியே எடுத்து, கியர்பாக்ஸ் பக்கமுள்ள மூன்று உருளை ஜாயின்டைக் கழற்றி, அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு ஜாயின்டுகளின் பூட்களையும் உருவி, புதியதை அதே வழியாகக் கொண்டுவர வேண்டும். ஆக்சிலை உருவும்போது கியர் ஆயில் கொட்டும் என்பதால் முன்கூட்டியே வடித்துவிட வேண்டும். ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளப் பென்ச் வைஸ், சர்க்ளிப் எனப்படும் பூட்டு வளையத்தை எடுக்க அதற்கான பிளையர் ஆகியவையும் வேண்டும். உருளைகள் உள்ள பகுதியைக் கழற்றும் முன் ஷாஃப்டிலும் அதிலும் நேருக்கு நேராக ஓர் அடையாளம் போட்டுக்கொண்டால், திரும்ப மாட்டும்போது பழைய இடத்திலேயே அமரும். சனிக்கிழமை காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடிப்பதே பெரிய காரியம். ஆனால் கியர்பாக்ஸ் பக்கப் பூட்டும் பழையதாக இருந்தால், அதற்குரிய கிட்டையும் வாங்கி அதே உழைப்பில் மாற்றிவிடலாம். அப்போது இந்தச் சிரமம் நியாயமாகிறது.

இரண்டாவது, யுனிவர்சல் பூட். மெல்லிய, நன்றாக இழுபடும் ரப்பர். கூடவே ஒரு பிளாஸ்டிக் கூம்பு. சக்கரத்தைக் கழற்றி, லோயர் ஆர்மின் பால் ஜாயின்டை விடுவித்து, சக்கரம் பொருந்தும் ஹப்பிலிருந்து ஆக்சிலின் முனையை மட்டும் வெளியே இழுத்தால் போதும். ஜாயின்டை ஷாஃப்டிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை, கியர் ஆயிலையும் தொட வேண்டியதில்லை. கூம்பை ஜாயின்டின் மேல் கவிழ்த்து, வெளிப்புறத்தில் கிரீஸ் தடவி, பூட்டை உள்வெளியாகத் திருப்பி, இரண்டு கைகளாலும் ஒரே மூச்சில் கீழே தள்ள வேண்டும். பாதி வழியில் நிறுத்தினால் ரப்பர் சுருங்கித் திரும்ப ஏறிவிடும். குளிர்ந்த ரப்பர் முரண்டு பிடிக்கும் என்பதால், பூட்டைச் சற்று நேரம் வெந்நீரில் போட்டு நன்கு துடைத்துவிட்டு மாட்டினேன், சிரமமில்லாமல் இறங்கியது. சிறிய முனை பல அளவுப் படிகளாக வருகிறது. நம் ஷாஃப்டின் விட்டத்துக்கு ஏற்ற படியில் கூர்மையான கத்தியால் நேராக வெட்டிக்கொள்ள வேண்டும். வெட்டு பிசிறடித்தால் அந்த இடத்திலிருந்தே கிழிசல் தொடங்கும். மொத்த வேலையும் அரை நாளில் முடிந்துவிடுகிறது. ரப்பர் மெல்லியதாக இருந்தாலும், மழைக்காலத்தில் நீர் தேங்கிய சுரங்கப்பாதைகளில் இறங்கி ஏறிய பிறகும் மடிப்புகளில் வெடிப்பு இல்லை. கம்பெனி பூட்டின் ஆயுள் இதற்கு இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. பழைய வண்டிக்கு அந்த அளவு தேவையும் இல்லை.

இந்தக் கிட்டில் எனக்குள்ள உண்மையான குறை, கிளிப்புகள்தான். உறையில் வந்தவை, வாலைத் துளையில் நுழைத்து இழுத்து மடக்கும் மெல்லிய தகரப் பட்டைகள். பிளையரால் எவ்வளவு இழுத்தாலும், மடக்கும் அந்த நொடியில் ஒரு மில்லிமீட்டர் தளர்ந்துவிடுகின்றன. பெரிய விளிம்பில் அந்த ஒரு மில்லிமீட்டர் போதும். சுழற்சியின் வேகத்தில் கிரீஸ் வெளிப்பக்கமாகத் தள்ளப்பட்டு, விளிம்பின் ஓரத்தில் முதலில் ஈரக்கோடாகவும் பிறகு துளியாகவும் கசியத் தொடங்குகிறது. பூட் கிழியவே இல்லை, ஆனால் விளைவு கிழிந்ததற்குச் சமம். அவற்றைக் கழற்றிவிட்டு, காது (அழுத்தினால் பட்டையை இறுக்கும் சிறு வளைவு) வைத்த துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்புகளைத் தனியாக வாங்கிப் போட்டேன். சுவிட்சர்லாந்தின் ஓட்டிக்கர் நிறுவனத்தின் பெயரில்தான் இந்த வகைக் கிளிப்புகள் உலகெங்கும் அறியப்படுகின்றன. இவற்றின் காதை அழுத்த அதற்கென்றே வாய் மழுங்கிய ஒரு பிளையர் உண்டு. சாதாரணக் கட்டிங் பிளையரால் அழுத்தினால் காதின் அடிப்பகுதி வெட்டுப்பட்டு, சில நாட்களில் அறுந்துவிடும். கிட்டின் விலையோடு ஒப்பிட்டால் இந்தப் பிளையர் தேவையற்ற செலவாகத் தோன்றலாம். கசியும் பூட்டை மீண்டும் ஒருமுறை அவிழ்ப்பதை நினைத்தால் அது மலிவே. சிலர் பரிந்துரைக்கும் நைலான் கட்டுப் பட்டைகளும், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் திருகுக் கிளிப்புகளும் இந்த இடத்துக்கு ஆகாதவை. முன்னது சூட்டில் தளரும். பின்னதின் திருகுத்தலை ஒரு பக்கம் துருத்திக்கொண்டு அருகிலுள்ள பாகங்களில் உரசும்.

மூன்றாவது, பிளவு பூட். நீளவாக்கில் திறந்திருக்கும் இதை, ஆக்சிலைக் கழற்றாமலே ஷாஃப்டைச் சுற்றி வைத்து, விளிம்புகளைப் பசையால் ஒட்டிவிடலாம் என்று உறையில் எழுதியிருக்கிறது. எதையும் கழற்ற வேண்டாம் என்ற ஒரே கவர்ச்சியில்தான் இது விற்கிறது. சுற்றிலும் பழைய கிரீஸ் அப்பியிருக்கும் இடத்தில், இரண்டு விளிம்புகளையும் எண்ணெய்ப் பசையே இல்லாமல் வைத்து, நேர் தப்பாமல் ஒட்டி, காயும்வரை ஸ்டீயரிங்கை அசைக்காமல் இருப்பது வாசலில் மல்லாந்து படுத்தபடி செய்யக்கூடிய வேலையல்ல. மைத்துனரின் வண்டியில் அறிவுறுத்தல் தாளில் உள்ளபடியே செய்தும், மழை பிடித்ததும் ஒட்டு நடுமடிப்பில் வாய் பிளந்தது. ஒட்டிய தையல் மற்ற இடத்தைவிட விறைப்பாக இருப்பதால், மடிப்பு வளையும் ஒவ்வொரு முறையும் சுமை அங்கேதான் போய் விழுகிறது. பசை நல்லதாக இருந்தாலும் இந்தக் குறை தீராது. ஊருக்குப் போகும் வழியில் பூட் கிழிந்து, வீடு திரும்பும்வரை தாங்க வேண்டும் என்ற நிலைக்கு வேண்டுமானால் இது உதவலாம்.

கிட்டுகளில் வரும் கிரீஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். கம்பெனி டியூபில் உள்ளது கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும், தேவையான அளவிலும் இருக்கிறது. யுனிவர்சல் கிட்டில் வந்த பொட்டலம் கண்ணுக்கே குறைவாகத் தெரிந்ததால், மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த ஜாயின்ட் கிரீஸைத் தனியாக வாங்கிச் சேர்த்தேன். கையில் இருக்கிறதே என்று வீல் பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸை அடைக்கக் கூடாது. குண்டுகள் சறுக்கும் இடத்தில் உள்ள அழுத்தத்தை அது தாங்காது. பழைய கிரீஸை முழுவதும் வழித்தெடுத்து, கொஞ்சம் எடுத்து இரண்டு விரல்களுக்கு நடுவில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று மணல் தட்டுப்பட்டால் பிரேக் கிளீனரைப் பீய்ச்சி, ஜாயின்டை எல்லாப் பக்கமும் மடக்கி, வரும் திரவம் தெளியும்வரை கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். யுனிவர்சல் முறையில் ஜாயின்ட் ஷாஃப்டிலேயே இருப்பதால் இந்தக் கழுவல் சற்று அரைகுறையாகத்தான் அமையும். கிழிந்து நெடுநாள் ஓடிய வண்டிக்குக் கம்பெனி முறையை நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம், ஏனெனில் ஷாஃப்ட் முழுவதும் கையில் இருக்கும்போது ஜாயின்டைத் தலைகீழாகப் பிடித்துக் கழுவலாம். புதிய ரப்பரைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துடைக்கக் கூடாது; அது ரப்பரைக் கெடுக்கும். கடைசிக் கிளிப்பை இறுக்கும் முன், மழுங்கிய ஸ்குரூ டிரைவரின் நுனியை விளிம்புக்குள் நுழைத்து உள்ளே உள்ள காற்றைச் சமப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் பூட் ஒரு பக்கம் உப்பியோ உள்ளிழுத்தோ நிற்கும்.

ஆக்சிலின் முனையை ஹப்போடு இறுக்கிப் பிடிக்கும் ஹப் நட் இந்தக் கிட்டுகள் எதிலும் வருவதில்லை என்பது வாங்குபவர்கள் கவனிக்க வேண்டியது. விளிம்பைத் தட்டிப் பூட்டும் வகை நட்டை ஒருமுறை கழற்றினால் புதியதுதான் போட வேண்டும். அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, நீண்ட கைப்பிடியால் நட்டைத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கிய வண்டியில் அந்தப் பலத்தைக் காட்டுவது ஆபத்து. தூக்கிய பிறகு ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்ட் கொடுங்கள். செங்கல்லை அடுக்கி வைப்பதை நம் தெருக்களில் இன்றும் பார்க்கிறேன். செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஏபிஎஸ் உள்ள வண்டியில் ஆக்சிலை வெளியே இழுக்கும் முன் சென்சார் ஒயரை விடுவித்துக்கொள்ள வேண்டும். பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைக்க வேண்டும்.

சென்னையில் இருப்பவர்கள் கம்பெனி கிட்டையும் ஹப் நட்டையும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை உதிரிபாகக் கடைகளில் வாங்கலாம். வண்டியின் மாடல், ஆண்டு, பெட்ரோலா டீசலா என்பதோடு பழைய பூட்டையும் கையில் எடுத்துச் சென்றால் அளவு தப்பாது. புதுப்பேட்டையில் பழைய ஆக்சில் முழுதாகவே கிடைக்கும், ஆனால் அதன் ஜாயின்ட் எத்தனை மழை கண்டது என்பதை விற்பவரே அறியமாட்டார். யுனிவர்சல் பூட் இணையத்தில் எளிதாகக் கிடைக்கிறது. படத்தில் கூம்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஏனெனில் கூம்பில்லாமல் வெறும் கையால் அந்த ரப்பரை ஜாயின்டின் மேல் ஏற்ற முடியாது. இது வீல் பக்கத்துக்கு மட்டுமே. கியர்பாக்ஸ் பக்கப் பூட் கிழிந்திருந்தால், அந்தப் பக்கத்துக்கென்றே வரும் கம்பெனி கிட்டைத்தான் கேட்க வேண்டும்.